ஒற்று மிகுந்த குதிரை

“உனக்கு டீயில எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடட்டும்?”

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணி கேட்ட கேள்வி இது. கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ஆறு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்து டீயைக் குடிக்கிறவளுக்கு எத்தனை ஸ்பூன் என்பது அண்ணிக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குச் சர்க்கரை டப்பாவின் அடி தெரிந்தது. கேட்டுவைத்தால் நாத்தனார் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லுவாள் என்று அண்ணிக்கு ஒரு நம்பிக்கை.

நாத்தனாருக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். வயது முப்பத்தொன்று. பல் கட்டும் பட்டறையில் வேலை. பல் டாக்டர்கள் ஆட்களின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் மெழுகில் ஈறு வைத்து, நிறம் பார்த்து ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் ரோஸ் ஈறோடு பளபளவென்று ஒரு செட்டை எடுத்துக் கொடுக்கவேண்டும். அன்று காலை அவள் மனசு முழுக்க ஒரு கிழவரின் மேல்வாய் இருந்தது. அவருக்கு ஏழு பல் கட்டவேண்டும். மிச்சமிருக்கும் சொந்தப் பற்கள் வெற்றிலைக் காவி ஏறியவை. புதுப் பல்லை வெள்ளையாக வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சம் பழுப்பு கலக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு ‘எத்தனை’ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

“ஏழு” என்றாள்.

“ஏழு ஸ்பூனா? டீ குடிக்கப் போறியா, பாகு காய்ச்சப் போறியா?” என்றாள் அண்ணி.

அத்தோடு முடிந்திருக்கவேண்டிய சமாசாரம். ஆனால் கூடத்தில் அண்ணன் படுத்திருந்தான். வயிற்றின்மேல் ரேஸ் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது.

அண்ணன் தண்ணீர் ஆபீசில் மீட்டர் படிக்கிறவன். தெருத்தெருவாகப் போய் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வரவேண்டும். நாய் இருக்கிற வீடு, படி இருக்கிற வீடு, வெயில் அடிக்கிற வீடு எல்லாவற்றுக்கும் வாசலில் நின்றபடியே உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிவிட்டு நடப்பான். ஆனால் ரேஸ் புத்தகம் என்று வந்துவிட்டால் உத்தேசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குதிரையின் எடை, ஜாக்கியின் எடை, போன மழைக்கு முந்தின மழையில் அது எப்படி ஓடியது, அதன் அம்மா எப்படி ஓடினாள், எல்லாவற்றையும் அரைக் கிலோ, கால் நொடி சுத்தமாகச் சரிபார்ப்பான். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, நீலப் பென்சிலால் ஒரு கோடு. இவ்வளவு படிப்பும் படித்துப் பணம் கட்டுகிற குதிரை எப்போதும் நான்காவதாக வரும். மூன்று குதிரைக்குத்தான் பரிசு என்பதால் நான்காவது இடத்தின்மேல் அவனுக்கு ஒரு தனிப்பட்ட பகை இருந்தது.

கேட்டால், “இது ஒரு பொழுதுபோக்கு” என்பான். பொழுது நன்றாகத்தான் போனது. கூடவே போனவற்றைப் பற்றி அவன் பேசுவதில்லை.

அன்றைக்கு நான்காவது ரேஸில் ஏழாம் நம்பர் குதிரைக்கு ‘ஓல்டு பிராமிஸ்’ என்று பெயர். பெயரில் இருந்த கிழத்தனம் காலிலும் இருந்தது. அதன்மேல் யாரும் கட்டவில்லை, அதன் சொந்தக்காரர் உட்பட. அண்ணன் மட்டும் பாப்பாவின் வாயிலிருந்து ஏழு என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். கூரையைப் பார்த்தான். சிவப்புப் பென்சிலை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. படிப்பு ஏழு வருஷம் அவனுக்குச் செய்யாததை அந்தக் கிழட்டுக் குதிரை ஒன்றரை நிமிஷத்தில் செய்தது. முன்னால் ஓடிய இரண்டு குதிரைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு விலக, நடுவில் கிடைத்த சந்தில் புகுந்து, எதற்காக ஓடுகிறோம் என்று தெரியாத முகத்தோடு முதலாவதாக வந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணன் இரண்டு கிலோ சர்க்கரையோடு வந்தான். பாப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அவன் அவளைப் பார்த்துச் சிரித்து அவளுக்கு நினைவே இல்லை. முகம் சரியில்லையோ என்று பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

“வாய்ராசி!” என்றான் அண்ணன். “நம்ம வீட்டுலயே வெச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் தேடியிருக்கேன்!”

அண்ணி அதுவரை ரேஸ் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இரண்டு கிலோ சர்க்கரை அவளை இந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

மறுநாளிலிருந்து டாக்டர் வர ஆரம்பித்தார். டாக்டர் என்றால் டாக்டர் இல்லை. மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருஷம் சீட்டு எழுதிக் கொடுத்து ஓய்வுபெற்றவர். கால்நடையின் மனசு தனக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. தெருமுனையில் ரேஸ் கட்டும் கூடம் ஒன்று உண்டு. மைதானத்துக்குப் போக முடியாதவர்கள் அங்கேயே கட்டிவிட்டு, சுவரில் மாட்டிய டிவியில் ஓட்டத்தைப் பார்க்கலாம். அந்தக் கூடத்துக்கு டாக்டர் கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு போவார். ஆறடி தூரத்தில் இருக்கும் டிவியை அதன் வழியாகப் பார்ப்பார். பாப்பாவைப் பார்க்க வந்த அன்றும் அதைக் கழற்றவில்லை.

“தம்பி, நேரா கேக்கக்கூடாது” என்று அண்ணனுக்கு விதி சொன்னார். “நம்பர் சொல்லும்மான்னு கேட்டா அது மனுஷ புத்தி. தானா விழணும். விழுந்தாத்தான் வாக்கு.”

அன்று முதல் அந்த வீட்டில் யாரும் பாப்பாவை நேராக எதுவும் கேட்கவில்லை. சுற்றி வளைத்து எல்லாவற்றையும் கேட்டார்கள். “பாப்பா, மணி என்ன ஆகுது?” என்பான் அண்ணன், கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு. “இந்த ஜன்னல்ல எத்தனை கம்பின்னு எண்ணியிருக்கியா?” என்பாள் அண்ணி. “உன் செருப்பு என்ன சைஸ்மா?” என்று டாக்டர் ஒருநாள் பாசத்தோடு விசாரித்தார். ஒவ்வொரு பதிலுக்கும் யாராவது ஒருவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டு வருவார்கள். போகிறவர் கையில் பென்சில் இருக்கும்.

பத்து மாதத்தில் இரண்டு தடவை பலித்தது. மற்றச் சனிக்கிழமைகள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டால், வாக்கு தப்பவில்லை, நாம்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம் என்பார் டாக்டர்.

பாப்பா இயல்பிலேயே பேச்சு குறைந்தவள். இப்போது இன்னும் சுருங்கினாள். எண் வராத பதிலாகப் பார்த்துச் சொல்லப் பழகினாள். டாக்டர் அதற்கும் வழி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவர் அவர். வாரம் ஒருமுறை அதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

“‘தெரியாது’ன்னு சொன்னாளா? சரி. தெ, ரி, யா, து. நாலு எழுத்து. நாலாம் நம்பர்.”

“‘இல்லை’ன்னா?”

“இ, ல், லை. மூணு.”

“புள்ளி வெச்ச எழுத்தையும் சேக்கணுமா டாக்டர்?”

“என்ன தம்பி இப்படிக் கேக்கற? உயிர் இல்லாட்டியும் மெய்தானே அது!”

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாப்பா பேசியதை யாரும் கேட்கவில்லை. எண்ணினார்கள். “வயித்து வலி” என்று ஒருநாள் சுருண்டு படுத்தபோது, டாக்டர் விரல் மடக்கிவிட்டு ஆறு என்றார். வலிக்கு யாரும் சுக்குக்கூடத் தட்டிக் கொடுக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் “ம்” என்று மட்டும் சொல்லிப்பார்த்தாள். ஒரே எழுத்து, ஒன்றாம் நம்பர் என்று அதையும் கட்டினார்கள். ஒன்றாம் நம்பர் ஓட ஆரம்பிக்கும்போதே ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அந்தக் குதிரையை மட்டும் பாப்பாவுக்குப் பிடித்திருந்தது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. ஓல்டு பிராமிஸ் வருவதற்கு முன்னால், எவனாவது தலையை ஆட்டினால் போதும், பாப்பாவைக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று அண்ணன் அலைந்துகொண்டிருந்தான். வந்த பிறகு பார்த்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் குறை முளைத்தது. ஒருவனுக்குக் காது பெரிசு. ஒருவன் சிரிக்கும்போது சத்தம் வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவரிடம் ஒரு குறையும் கிடைக்காமல் அண்ணன் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள், “கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவன் கண்ணாடி போடலியே, அவன் சரக்கு மேல அவனுக்கே நம்பிக்கை இல்ல” என்று கண்டுபிடித்துவிட்டான்.

பட்டறையில் கதை வேறு. அங்கே அவளை யாரும் பேசச் சொல்லவில்லை. நாள் முழுக்க மேசைமேல் வாய்கள் இருக்கும். எல்லாம் திறந்த வாய்கள், ஒன்றும் கேள்வி கேட்காது. மேல்வாயையும் கீழ்வாயையும் ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டி, திறந்து மூடி, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பாள். இடிக்கிற இடத்தை ராவுவாள். டக், டக் என்று சரியாக மூடிக்கொள்கிற சத்தம் வரும்போது அவளுக்குள்ளேயும் ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திக்கொள்ளும்.

முதலாளி தன் பட்டறைக்குத் தானே விளம்பரமாக முப்பத்திரண்டும் கட்டிக்கொண்டவர். ஒரு திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, அந்த முப்பத்திரண்டையும் காட்டினார்.

“வெளியூர்ல புதுசா ஒரு பட்டறை போடறேன்மா. நாலு பேர் வேலை செய்வாங்க. நீதான் பாத்துக்கணும். மாடியில ஒரு ரூம் இருக்கு, தண்ணி வசதி இருக்கு, தங்கிக்கலாம்.”

பாப்பா கையில் இருந்த மெழுகுக் கத்தியைத் துடைத்தாள்.

“எனக்கு... பேச வராதுங்க.”

“பேச நான் ஆள் வெச்சுக்கறேன். எனக்கு உன் கை வேணும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ட்ரெயின். ஞாயித்துக்கிழமை காலையில பூட்டு தொறக்கணும். ஆனா ஒண்ணு, வீட்டுல சொல்லிட்டு வரணும். பொண்ணைக் காணோம்னு நாளைக்கு உங்க அண்ணன் வந்து என் வாசல்ல நிக்கக்கூடாது. உனக்குத் தோதுப்படலைன்னா சொல்லிடு, என் மச்சானை அனுப்பிடறேன்.”

முதலாளியின் மச்சானுக்கு மெழுகும் தெரியாது, மாவும் தெரியாது. போன மாதம் ஒரு பாட்டியம்மாவின் கீழ்ப்பல்லை ஒரு போலீஸ்காரரின் மேல்பல்லோடு மாட்டி அனுப்பியவன்.

ஆக, பாப்பா செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் சொல்லவேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அவள் கேட்காமல் தெருமுனையைத் தாண்டியதில்லை. கேட்டுத் தாண்டியதும் அபூர்வம். மாடி அறை, தண்ணீர் வசதி, நான்கு பேர், ஒரு பூட்டு. அந்தப் பூட்டைத் தான் திறப்பதாக அவள் பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் எட்டுத் தடவை திறந்து பார்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தாள்.

“அண்ணா, ஒரு விஷயம்...”

“ஒண்ணு!” என்று நுரையோடு கத்தினான் அண்ணன். “ஏய், எங்கடீ என் பென்சில்?”

புதன்கிழமை அண்ணியிடம் சொல்லிப்பார்க்கலாம் என்று சமையலறைக்குப் போனாள். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, உங்ககிட்ட...”

“இரு, இரு. சனிக்கிழமைக்கு முன்னாடி எதையும் வீணாக்காதே. சத்தெல்லாம் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். வாயைப் பத்திரமா வெச்சுக்க.” சொல்லிவிட்டு ஒரு வெங்காயத்தை அவள் கையில் வைத்தாள். “நறுக்கு. ஆனா எண்ணாம நறுக்கு.”

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். எழுதினால் எண்ணுவதற்கு அவர்களுக்கு இன்னும் வசதி.

சனிக்கிழமை பட்டறையில் அரைநாள். முதலாளி அவள் கையில் டிக்கெட்டையும் புதுப் பட்டறையின் சாவியையும் கொடுத்தார். “வீட்டுல சொல்லிட்டியா?” என்றார்.

“ம்” என்றாள் பாப்பா. அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். ஒரே எழுத்துதான்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. கூடத்தில் அண்ணனும் டாக்டரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் ரேஸ் புத்தகத்தின்மேல் குனிந்திருந்தார்கள். ஐந்தாவது ரேஸில் பன்னிரண்டு குதிரை. அண்ணன் இந்தத் தடவை பெரிதாகக் கட்டப்போகிறான் என்பது அவன் கால் ஆடியதிலேயே தெரிந்தது. அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனாள்.

பாப்பா நிலைப்படியில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் தைரியமும் கழன்றுவிடும் போலிருந்தது. அண்ணன் தலை நிமிரும்வரை காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் வெளியூருக்குப் போறேன்” என்றாள்.

அண்ணன் மெதுவாக நிமிர்ந்தான். டாக்டர் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டார். அண்ணி கையில் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தன் முகத்தைப் பார்த்துப் பாப்பா அறிந்ததில்லை. சொல்லிவிட்டேன், கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். “முதலாளி அங்க ஒரு...” என்று தொடர்ந்தாள்.

“போதும்!” என்று டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். “அதுக்கு மேல பேசாதேம்மா, கலைஞ்சிடும்! தம்பி, எழுது. நா, ன், வெ, ளி, யூ...”

“...ரு, க், கு” என்றான் அண்ணன் எழுதிக்கொண்டே. “போ, றே, ன். பதினொண்ணு.”

“பன்னெண்டு.”

“பதினொண்ணு டாக்டர். நல்லா எண்ணுங்க.”

“நீ எண்ணினதுல ஒரு எழுத்தை முழுங்கிட்ட. ‘வெளியூருக்கு’க்குப் பக்கத்துல ‘போறேன்’ வருது. ‘கு’வுக்கு அப்புறம் வல்லினம் மிகும். ‘வெளியூருக்குப்’. ப் உண்டு.”

“எழுத்துல உண்டு. பேச்சுல எவன் ப் சொல்றான்? நீங்க கடைக்குப் போறேன்னு சொல்றப்போ ப் சொல்றீங்களா?”

“நான் சொல்வேன்.”

“நீங்க சொல்வீங்க. எங்க வீட்டுல யாரும் அவ்வளவு படிக்கலை.”

“தம்பி, ஒற்றுப் பிழையோட வாக்கு விழாது. வாக்குக்கு இலக்கணம் உண்டு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கினவன் சொல்றேன், பன்னெண்டாம் நம்பர்.”

பதினோராம் நம்பருக்கு ‘கிரீன் அம்ப்ரல்லா’ என்று பெயர். பன்னிரண்டாம் நம்பர் ‘மிஸ்டர் பங்சுவல்’. அண்ணன் தலையைச் சொறிந்தான். அவன் பத்தாம் வகுப்பில் இலக்கணத்தில் பதினொரு மதிப்பெண் வாங்கியவன். அந்த வெட்கம் இப்போது வந்து அவன் கையைப் பிடித்தது. பதினொன்றை அடித்துவிட்டு, பன்னிரண்டு என்று எழுதினான்.

“சாயங்காலம் வந்து சொல்றேன் பாப்பா!” என்று கத்திக்கொண்டே அண்ணன் படியிறங்கினான். என்ன சொல்வான் என்று அவனும் சொல்லவில்லை. டாக்டர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

அண்ணி இன்னும் அங்கேயே நின்றாள். “பதினொண்ணா, பன்னெண்டா?” என்றாள் மெதுவாக. அண்ணி தட்டுகளைக் கழுவப் போனாள்.

பாப்பா உள்ளறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். நான்கு புடவை, ஒரு சால்வை. இரண்டு மெழுகுக் கத்தியையும் ராவும் அரத்தையும் ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்தாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பூட்டு திறக்கிற சத்தத்தை இப்போது பெட்டியின் கொக்கியிலேயே கேட்க முடிந்தது. எல்லாம் முடிந்தபோது மணி மூன்றுகூட ஆகவில்லை.

அப்போதே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. முதலாளியிடம் சொன்ன ஓர் எழுத்துப் பொய் அவளை உறுத்தியது. எண்ணிக்கொண்டு போனார்களே தவிர, கேட்டுக்கொண்டு போகவில்லை. ரேஸ் முடிந்து வரட்டும். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லலாம். பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் புரியும். பெட்டிக்கு எழுத்து கிடையாது.

நாலரை மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே சண்டை வந்துவிட்டது.

“பதினொண்ணுன்னு நான் சொன்னேனா இல்லையா? நான் சொன்னேனா இல்லையா?”

“கத்தாதே தம்பி.”

“கிரீன் அம்ப்ரல்லா டாக்டர்! மூணு குதிரை நீளம் முன்னாடி வந்துச்சு! உங்க மிஸ்டர் பங்சுவல் இன்னும் வந்துக்கிட்டு இருக்கு!”

மிஸ்டர் பங்சுவல் கடைசியாக வந்ததைக்கூட டிவியில் காட்டவில்லையாம். மற்றக் குதிரைகளுக்குத் துண்டு போர்த்தி அழைத்துப் போனதைக் காட்டப் போய்விட்டார்களாம். டாக்டர் அதற்கும் அசையவில்லை. இலக்கணம் தோற்காது என்றார். “‘வெளியூருக்குப்’னு அவ சொல்லியிருந்தா பன்னெண்டு. ‘வெளியூருக்கு’ன்னு நிறுத்தியிருந்தா பதினொண்ணு. தப்பு உச்சரிப்புல இருக்கு. அவளையே கேப்போம். கடைசி ரேஸ் அஞ்சரைக்குத்தான். இனிமே அவ ஒற்று சொல்ற ஜாதியா, விடற ஜாதியான்னு ஒரு தடவை தெரிஞ்சிக்கிட்டா, வாழ்நாளுக்கும் கவலை இல்ல.”

இருவரும் உள்ளே வந்தார்கள். பாப்பா கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். ஒரு கையில் பெட்டி. முந்தானையில் சாவி முடிச்சு. காலில் செருப்பு. மூன்று மணியிலிருந்து வாய்க்குள் வைத்துச் சரிபார்த்த வாக்கியம் ஒன்று தயாராக இருந்தது. இந்தத் தடவை முழுசாக, வேலை, ஊர், ட்ரெயின் எல்லாம் சேர்த்து, எங்கேயும் இடிக்காமல்.

அண்ணன் நேராக அவள் முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. ஒரு விரலைத் தூக்கினான்.

“பாப்பா, பதறாம யோசிச்சுச் சொல்லு. மத்தியானம் சொன்னியே, அதுல நீ ‘ப்’ சொன்னியா, சொல்லலியா?”

பாப்பா அவனைப் பார்த்தாள்.

“வெளியூருக்குப் போறேனா, வெளியூருக்கு போறேனா?” என்று அண்ணன் உதட்டை ஒருமுறை ஒட்டியும் ஒருமுறை ஒட்டாமலும் காட்டினான். “உதடு ஒட்டுச்சா? ஞாபகப்படுத்திப் பாரு!”

டாக்டர் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தார். அவள் உதட்டைப் பார்த்தார்.

அப்படியென்றால் அவர்கள் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள். அவள் வாயிலிருந்து வந்த ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. தான் பிறந்ததிலிருந்து இவ்வளவு கவனமாக யாரும் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று பாப்பாவுக்குத் தோன்றியது. தயாராக வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே கரைந்து போயிற்று. எவ்வளவு எழுத்து இருக்கும் அதில்? முப்பது, முப்பத்தைந்து. அவ்வளவு குதிரை எந்த ரேஸிலும் ஓடாது. கூட்டி, கழித்து, வகுத்து எப்படியாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“ஏங்க” என்றாள் அண்ணி.

சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். அவள் பாப்பாவின் உதட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

“ஏங்க, அவ கையில பெட்டி இருக்கு.”

“பெட்டி கிடக்கட்டும்டீ, ப் இருந்துச்சான்னு முதல்ல தெரியட்டும்!”

அண்ணி அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், முந்தானை முடிச்சைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“ட்ரெயின் எத்தனை மணிக்கு?” என்றாள்.

அந்தக் குரலில் தூண்டில் இருந்ததா இல்லையா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை. இல்லை என்றுதான் பட்டது. பத்து மாதத்தில் இந்த வீட்டில் யாராவது அவளிடம் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகவே கேட்டிருந்தால், அது இதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆறு என்ற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. அண்ணிக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. அவளுக்கு மட்டும்.

வாயைத் திறந்தாள்.

அண்ணன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். டாக்டர் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். கடைசி ரேஸின் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. இரண்டு பென்சில் நுனியும் காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன.

பாப்பா வாயை மூடினாள். மேலும் கீழும் எங்கேயும் இடிக்காமல், சரியாக மூடிக்கொண்டது. அண்ணியின் ஈரக் கையை ஒருமுறை பிடித்து, விட்டாள். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, படியிறங்கி, தெருவில் நடையைக் கட்டினாள்.